சங்கத்துக்கு மென்பொருள்: ஆயத்தமாக எடுப்பதா, சேவைகளாகப் பிரிப்பதா, ஒன்றாகக் கட்டி உள்ளே வரம்பு போடுவதா?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கம் தன்னுடைய நெல் கொள்வனவு, உரக்கடன், களஞ்சியம், அங்கத்தவர் கணக்கு எல்லாவற்றையும் கொப்பியில் இருந்து கணினிக்குக் கொண்டுவர நினைக்கிறது. செய்யப்போவது மூன்று பேர் கொண்ட சின்னக் குழு. இரண்டு பேர் அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படித்தவர்கள், ஒருவர் வவுனியாப் பல்கலைக்கழகம், நான் கூட நின்று பார்க்கிறேன். காலபோக அறுவடைக்கு முன்னர் ஓடவேண்டும், ஏனென்றால் தை, மாசியில் மெசின் வயலுக்குள் இறங்கிவிட்டால் புதிதாக ஒன்றைப் பழக ஒருவருக்கும் நேரம் இருக்காது.

எப்படிக் கட்டுவது என்பதில் குழுவுக்குள் ஒரே மனம் இல்லை. ஒருவர் ஈஆர்பிநெக்ஸ்ட், ஓடூ மாதிரி ஆயத்தமான ஒன்றை எடுத்துப் போடுவோம் என்கிறார். இன்னொருவர் மைக்ரோசேர்விஸ், அதாவது தனித்தனியாக ஓடும் சின்னச் சேவைகள், என்கிறார். மற்றவர் பிஎச்பி நிரல்மொழியின் சட்டகமான லாரவெல்லில் ஒரே செயலியாக எழுதி முடிப்போம் என்கிறார். மூன்று பேரும் அடிப்படையில் ஒத்துக்கொள்கிற விடயம் ஒன்று உண்டு: மென்பொருளைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் தன் வேலையை மட்டும் பார்க்கும்படி கட்டவேண்டும். எங்கே வெட்டுவது, வெட்டிய கூறு யாருடைய கையில் இருப்பது என்பதில்தான் இழுபறி.

என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வழி, ஆனால் உள்ளே கடுமையான வரம்புகளோடு. அதற்கு நான் வைக்கிற அளவுகோல் ஒன்றுதான்: ஒரு கூறு இன்றைக்கு என்ன செய்து தருகிறது என்பதை எல்லாரும் பார்ப்பார்கள், நாளைக்கு அது மாறும்போதோ, அதைச் சுற்றியிருக்கிற உலகம் மாறும்போதோ, அந்தச் சுமை யாருடைய தலையில் விழும் என்பதைப் பாருங்கள்.

கூறுகளாகக் கட்டுவது என்ற யோசனைக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1968 ஒக்டோபரில் ஜேர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மென்பொருள் மாநாட்டில் கணினி அறிஞர் டக் மக்கில்ராய், மின்னணுச் சாதனம் செய்பவர்கள் பட்டியலைப் பார்த்துப் பாகங்களைத் தெரிவதுபோல மென்பொருள் செய்பவர்களுக்கும் அளவு, துல்லியம், வேகம் பார்த்துத் தெரியக்கூடிய பாகங்கள் வேண்டும் என்று வாதாடினார். அவர் கேட்ட மாதிரியான பாகத் தொழிற்சாலை அப்படியே வந்து சேரவில்லை. ஆனால் அவர் வலியுறுத்திய இன்னொன்று 1973 இல் யுனிக்ஸ் இயங்குதளத்தில் வந்தது, அதுதான் பைப்: ஒரு சின்னச் செயலியின் வெளியீடு அடுத்ததன் உள்ளீடாகப் போகும், இடையில் ஓடுவது வெறும் எழுத்து. இன்றைக்கும் வேலை செய்கிறது. இரண்டு கூறுகளுக்கும் நடுவில் இருக்கிற உடன்பாடு அவ்வளவு சின்னது என்பதால் அதை முறிக்க யாருக்கும் காரணம் வரவில்லை.

எங்கள் முடிவுக்கு அதைவிடக் கிட்டவாக உதவுகிறவர் டேவிட் பார்னஸ் என்ற கணினி அறிஞர். 1972 இல் அவர் எழுதிய கட்டுரை சொல்வது இதுதான்: வேலை நடக்கும் ஒழுங்கைப் பார்த்து, முதலாவது படி, இரண்டாவது படி என்று மென்பொருளைப் பிரிக்காதே. எந்தத் தீர்மானங்கள் பின்னால் மாறக்கூடியவை என்று பட்டியல் போடு, ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் ஒளித்து வை. மற்றக் கூறுகளுக்கு அந்தத் தீர்மானம் தெரியவே கூடாது.

இதை எங்கள் ஊர்க் காரியத்தில் வைத்துப் பார்த்தால் உடனே விளங்கும். அடையாள அட்டை இலக்கத்தை எடுங்கள். பழையது ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016 இல் அது 12 இலக்கமானது, ஆண்டு நான்கு இலக்கமானது, எழுத்து போய்விட்டது. பழைய அட்டையோடு சங்கத்தில் சேர்ந்த ஒரு அம்மா அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு வந்து புதிய இலக்கத்தைக் கொடுத்தால், கவனமில்லாத மென்பொருள் அவரை இரண்டு பேராகப் பதிந்துவிடும்: ஒருவருக்கு உரக்கடன் இருக்கும், மற்றவருக்கு நெல் விற்ற காசு வரும், இரண்டும் சந்திக்காது. பழைய வடிவத்தைப் புதியதாக மாற்றுவது கஷ்டமில்லை. முன்னால் 19 போட்டு, தொடர் இலக்கத்துக்கு ஒரு பூச்சியம் சேர்த்து, கடைசி எழுத்தை விடவேண்டும். ஆனால் அந்த அறிவு அங்கத்தவர் கூறுக்குள் மட்டும் இருக்கவேண்டும். கடன் பக்கத்திலும் களஞ்சியப் பக்கத்திலும் போன் செயலியிலும் ஆளாளுக்குப் பத்து எழுத்துப் பெட்டி வைத்திருந்தால் ஒரு மாற்றத்துக்கு நாலு இடம் தேடவேண்டும்.

வரி இன்னொன்று. வற் வரி 2022 ஜூனில் 8 இல் இருந்து 12 வீதமானது, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. இரண்டு வருடத்துக்குள் மூன்று தரம். வீதத்தை ஒரே இடத்தில், எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதிவரை என்று வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு வரி வேலை. பில் போடும் பக்கம் எங்கும் எண்ணாக எழுதி வைத்திருந்தவர்களுக்கு மூன்று முறை தலையிடி, அதிலும் பழைய பில்லைத் திருப்பி அச்சடித்தால் புதிய வீதத்தில் வரும். நெல் விலையும் அப்படித்தான். 2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபா என்று அறிவித்தது. ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேல் போனால் கணக்கு வேறு. அடுத்த போகம் என்ன விலை என்று யாருக்குத் தெரியும்?

சரி, இனி வழிகளுக்கு வருவோம்.

ஆயத்தமானதில் தொடங்குவோம், ஏனென்றால் சங்கத்து முகாமையாளருக்கு இதுதான் முதலில் பிடிக்கும். ஈஆர்பிநெக்ஸ்ட் இந்தியாவில் பிறந்த திறந்தமூல மென்பொருள், பைத்தனில் எழுதப்பட்டது, கீழே மரியாடிபி தரவுத்தளம். கொள்வனவு, களஞ்சியம், கணக்கு, வழங்குநர் எல்லாம் உள்ளே தனித்தனிக் கூறுகளாக இருக்கின்றன, உங்களுக்கு வேண்டியதை அதன் மேலே தனிச் செயலியாக எழுதிப் பொருத்தலாம். ஓடூ பெல்ஜியத்தில் தொடங்கியது, சமூகப் பதிப்பு இலவசம், முழுக் கணக்கியல் உட்படச் சில விடயங்கள் கட்டணப் பதிப்பில்தான். இரட்டைப் பதிவுக் கணக்கு என்பதை மூன்று பிள்ளைகள் ஒரு போகத்துக்குள் புதிதாக எழுதிப் பிழையில்லாமல் முடிப்பார்கள் என்று நான் நம்பமாட்டேன், இந்த மென்பொருட்களில் அது பல வருடம் ஆயிரக்கணக்கான இடங்களில் அடிபட்டுத் தேறிய பகுதி. சங்கத்துக்குத் தேவை முக்கியமாக கணக்கும் களஞ்சியமும்தான் என்றால் நான் இரண்டாம் பேச்சு இல்லாமல் ஈஆர்பிநெக்ஸ்ட் என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் இங்கே சங்கத்தின் உயிர் இருப்பது கொள்வனவு நிலையத்தில். தராசுக்கு முன்னால் உழவு இயந்திரங்கள் வரிசையாக நிற்கும், மூடை ஏறும், நிறை பார்க்கும், ஈரம் பார்க்கும், உரக்கடன் கழிக்கும், பற்றுச்சீட்டு கொடுக்கும். வட்டக்கச்சியிலும் அக்கராயனிலும் உள்ள நிலையங்களில் சிக்னல் ஒரு நேரம் இருக்கும், ஒரு நேரம் இருக்காது. ஆயத்தமான மென்பொருளின் கொள்வனவுப் பக்கம், அலுவலகத்தில் ஒருவர் இருந்து ஓடர் போட்டு, பொருள் வந்து, விலைச்சீட்டு வருகிற வியாபாரத்துக்காகச் செய்யப்பட்டது. வயல் வேலையை அதற்குள் நுழைக்கப் போனால் அதன் உள்ளுறுப்புகளில் கை வைக்கவேண்டி வரும். கை வைத்த பிறகு அதன் புதிய பதிப்பு வரும்போது நீங்கள் மாற்றியதெல்லாம் உங்கள் பொறுப்பு. ஓடூ ஒவ்வொரு வருடமும் பெரிய பதிப்பு ஒன்று விடுகிறது, ஒரு பதிப்புக்கு மூன்று வருடம்தான் திருத்தம் தருவார்கள். அந்த ஓட்டத்துக்குக் கூட ஓடுவதற்கு ஆள் வேண்டும், காசு வேண்டும்.

இதற்கு முன்னோடி ஒன்று எங்கள் கடைகளில் இப்பவும் கிடக்கிறது. 1991 இல் விஷுவல் பேசிக் வந்தபோது, பட்டன், அட்டவணை, நாட்காட்டி என்று ஆயத்தமான கட்டுப்பாடுகளை இழுத்துப் போட்டு மென்பொருள் செய்யும் பழக்கம் பரவியது, அவற்றை விற்பதற்கென்றே கம்பனிகள் தோன்றின. மக்கில்ராய் கேட்ட பாகச் சந்தைக்கு மிகக் கிட்ட வந்தது அதுதான் என்பது என் எண்ணம். பிறகு என்ன நடந்தது? இரண்டு மென்பொருட்கள் ஒரே பெயருள்ள கோப்பின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்டன, ஒன்றைப் போட்டால் மற்றது விழுந்தது. அந்தக் காலத்து பில் மென்பொருளைப் புதிய விண்டோஸில் போட்டால் ஏதோ ஒரு ஓசிஎக்ஸ் (அப்படியான ஆயத்தக் கட்டுப்பாட்டின் கோப்பு) பதியப்படவில்லை என்று நின்றுவிடும், அந்த ஓசிஎக்ஸ் செய்த கம்பனி இப்போது இருக்கவே இருக்காது. கடைக்காரர் அந்தப் பழைய கணினியையே பழுது பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். மாற்றத்தைச் சுமக்க ஆளில்லாமல் போன கூறு அது.

அடுத்தது மைக்ரோசேர்விஸ். அங்கத்தவருக்கு ஒரு சேவை, விலைக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, களஞ்சியத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் தனியாக ஓடும், தனித் தரவுத்தளம் வைத்திருக்கும், வலையமைப்பு வழியாகக் கதைத்துக்கொள்ளும். 2014 இல் ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபௌலரும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் எங்கும் பரவியது. பெரிய கம்பனிகளுக்கு இதில் உண்மையான பலன் உண்டு: நூற்றுக்கணக்கான ஆட்கள் ஒருவரை ஒருவர் காத்திராமல் தங்கள் தங்கள் பகுதியை வெளியிடலாம். கவனியுங்கள், அந்தப் பலன் ஆட்களைப் பற்றியது. மக்கில்ராய் பேசிய அதே 1968 இல் மெல்வின் கொன்வே எழுதினார், ஒரு அமைப்பு வடிவமைக்கும் எதுவும் அந்த அமைப்புக்குள் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் தொடர்பாடும் வடிவத்தையே எடுக்கும் என்று. மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்து வேலை செய்கிற இடத்தில் இத்தனை சேவை எதற்கு? ஃபௌலரே 2015 இல், புதிய வேலையை ஒற்றைச் செயலியாகத் தொடங்குவதே நல்லது என்று எழுதினார்.

ஒரு கொள்வனவை மட்டும் கிட்ட வைத்துப் பார்ப்போம். ஒரு அங்கத்தவர் 1,612 கிலோ நாட்டு நெல் கொண்டுவருகிறார் என்று வையுங்கள், கிலோ 120 ரூபா, மொத்தம் 193,440. உரக்கடன் 45,000 கழிக்கவேண்டும், கையில் 148,440. இந்த ஒரு பற்றுச்சீட்டுக்குப் பின்னால் நான்கு பதிவு: நிறை, களஞ்சியத்தில் வரவு, கடனில் கழிவு, கொடுக்கவேண்டிய தொகை. ஒரே தரவுத்தளம் என்றால் நான்கையும் ஒரே பரிவர்த்தனைக்குள் போடலாம், இடையில் கரண்ட் போனால் நான்கும் நடக்காதது போலத் திரும்பிவிடும், ஆளை மறுபடி கூப்பிட்டுப் பதியலாம். நான்கு சேவை என்றால் கடன் கழிந்திருக்கும், களஞ்சியத்தில் நெல் ஏறியிருக்காது. அதைச் சரிசெய்ய ஒவ்வொரு படிக்கும் எதிர்ப்படி ஒன்று எழுதி, எது எங்கே நின்றது என்று பதிந்து, திரும்பத் திரும்ப முயற்சிக்கவேண்டும். முடியாத வேலை என்று சொல்லவில்லை. செய்து முடித்தால் அங்கத்தவருக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை.

வலையமைப்பு நம்பகமானது என்று நினைப்பது பிழை என்பது பரந்துகிடக்கும் கணினிகளைப் பற்றிய பழைய பட்டியல் ஒன்றின் முதல் வரி. 1994 அளவில் சன் கம்பனியில் பீட்டர் டொயிச் போட்ட பட்டியல் அது. முல்லைத்தீவு வீதியிலும் பூநகரிப் பக்கமும் வேலை செய்கிறவர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அமேசனின் பிரைம் வீடியோவில் ஒரு குழு 2023 இல் தங்கள் காணொளித் தரக் கண்காணிப்புக் கருவியைச் சிதறிய சேவைகளில் இருந்து ஒரே செயலிக்குத் திருப்பிக் கொண்டுவந்து செலவை 90 வீதத்துக்கு மேல் குறைத்ததாக எழுதினார்கள். சேவைகளை விற்கிற கம்பனியின் ஆட்களே அப்படிச் செய்தார்கள் என்பதை எங்கள் குழுப் பெடியனிடம் காட்டினேன்.

செலவு விடயத்தில் இன்னொன்று. இத்தனை சேவையை ஓட்ட கிளவுட், அதாவது வாடகைக் கணினிகள், வேண்டும், அது டொலரில். 2022 மார்ச்சுக்கு முன்னர் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அந்த வருடம் மாதாமாதம் டொலரில் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும். ஒற்றைச் செயலி என்றால் சங்க அலுவலகத்தில் ஒரு சின்னக் கணினி, பற்றரி, வெளியே ஒரு மறைகுறியாக்கிய பிரதி, அவ்வளவும் போதும்.

ஆனால் பிரிப்பதை விட முடியாத இடம் ஒன்று இருக்கிறது, அதை மைக்ரோசேர்விஸ் கேட்ட பெடியன்தான் சரியாகப் பிடித்தார். கொள்வனவு நிலையம் அலுவலகத்தில் இருந்து பிரிந்துதான் இருக்கும், அதை நாங்கள் விரும்பிப் பிரிக்கவில்லை, நிலம் பிரித்து வைத்திருக்கிறது. எனவே போனில் ஓடும் செயலி இணையம் இல்லாமலே முழுக் கொள்வனவையும் முடிக்கவேண்டும். இங்கே எல்லா யோசனையையும் செலவழிப்போம். போன் பற்றுச்சீட்டை எழுதும், எழுதியதைத் திருத்தாது, பிழை என்றால் மறுப்புச் சீட்டு ஒன்று எழுதும். ஒவ்வொரு சீட்டுக்கும் போனே ஒரு தனித்த அடையாளம் போடும், அச்சாகும் இலக்கத்துக்கு முன்னால் நிலையத்தின் எழுத்து வரும், இல்லாவிட்டால் இரண்டு நிலையத்தில் ஒரே 123 ஆம் சீட்டு பிறக்கும். அலுவலகம் ஒரே சீட்டை இரண்டு தரம் பெற்றாலும் ஒருதரம்தான் ஏற்றும். விலைப் பட்டியல் திகதியோடு முன்கூட்டியே போனுக்கு வந்திருக்கும், கடன் நிலுவை அன்று காலை நிலவரப்படி வரும், அதன் மேல் எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கு சங்கம் ஒரு எல்லை சொல்லவேண்டும். அந்தக் கடைசி விடயம் நிர்வாகக் குழு கூடித் தீர்மானிக்கவேண்டியது, நிரலில் நாங்களாக முடிவெடுக்கக் கூடாது.

இனி நான் நிற்கிற வழி. ஒரே செயலி, ஒரே தரவுத்தளம், ஒரே தரமாக நிறுவுதல், ஆனால் உள்ளே அங்கத்தவர், தராசு, விலை, கடன், களஞ்சியம், கொடுப்பனவு என்று கூறுகள். ஒரே வாய்க்கால் தண்ணீரில் விளையும் வயலிலும் காணிக்குக் காணி வரம்பு இருக்கிறதுதானே, அப்படி. ஒவ்வொரு கூறுக்கும் சொந்த அட்டவணைகள். கடன் கூறு அங்கத்தவர் அட்டவணையைத் தொடக்கூடாது, அங்கத்தவர் கூறு திறந்து வைத்திருக்கிற சில செயற்பாடுகளை மட்டும் கூப்பிடலாம்.

இந்த வழியின் பலவீனம் எனக்குத் தெரியும். வரம்பை வாயால் போட்டால் நிற்காது. கணக்காய்வாளர் வந்து இன்றைக்கே ஒரு அறிக்கை வேண்டும் என்றால், பின்னேரத்துக்குள் யாரோ ஒருவர் ஆறு அட்டவணையை ஒன்றாக இணைத்து ஒரு எஸ்கியூஎல் (தரவுத்தளத்தைக் கேட்கும் கட்டளை) எழுதிவிடுவார், அது வேலை செய்யும், அது அங்கேயே தங்கிவிடும், அடுத்த வருடம் கடன் அட்டவணையை மாற்றப் போகும்போதுதான் அது எங்கெங்கே வேர்விட்டிருக்கிறது என்று தெரியும். ஆயத்தமான வழியிலும் சேவை வழியிலும் வரம்பை மீறுவது கஷ்டம், இதில் சுலபம். ஆகவே கருவி வேண்டும். பிஎச்பியில் டெப்ட்ராக் என்று ஒன்று இருக்கிறது, எந்தக் கூறு எதைத் தொடலாம் என்று எழுதி வைத்தால் மீறிய நிரலை ஏற்க மறுத்துவிடும். இணையக் கடை மென்பொருள் கம்பனியான ஷொப்பிஃபை ரூபி மொழியில் எழுதிய தங்கள் மிகப் பெரிய செயலியை உடைக்காமல் உள்ளே வரம்பு போடுவதற்கு பாக்வேர்க் என்ற கருவியைச் செய்து 2020 இல் வெளியிட்டார்கள், அதே யோசனைதான். அறிக்கைகளுக்கு என்று வாசிக்க மட்டும் முடிகிற காட்சிகளைத் தனியாக வைப்போம், அவற்றையும் ஒவ்வொரு கூறும் தானே வழங்கவேண்டும்.

தராசுக் கூறைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பார்னஸ் சொன்னது இதில் அச்சொட்டாகப் பொருந்துகிறது. தராசின் காட்டியில் இருந்து சீரியல் கேபிள் வழியாக ஒரு நொடிக்குப் பல தரம் ஒரு வரி வரும்: நிறை நிலைத்துவிட்டதா ஆடுகிறதா என்று சொல்லும் எழுத்து, பிறகு நிறை, பிறகு அலகு. எழுத்துகளின் ஒழுங்கும் வேகமும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறு, சிலதில் நிலைத்ததைச் சொல்லும் எழுத்தே கிடையாது, தொடர்ந்து சில வாசிப்பு ஒன்றாக வருகிறதா என்று நாங்கள்தான் பார்க்கவேண்டும். மற்றக் கூறுகளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: நிலைத்த நிறை இத்தனை கிலோ. சங்கம் நாளைக்கு வேறு தராசு வாங்கினால் ஒரு கோப்பு மாறும், மற்றது ஒன்றும் மாறாது.

மற்றவர் எழுதியதை நம்பி எடுக்கும்போது அதற்குள் ஒளிந்திருக்கும் ஊகங்களும் கூடவே வரும், இது மூன்று வழிக்கும் பொது. 1996 ஜூன் 4 ஆம் திகதி ஏரியான் 5 ரொக்கெட் எரிய ஆரம்பித்து ஏறக்குறைய 37 நொடியில் கட்டுப்பாட்டை இழந்து சிதறியது. ஏரியான் 4 இல் நன்றாக ஓடிய திசையறி மென்பொருளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ரொக்கெட்டின் கிடை வேகம் கூட, 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் வழிந்தது. மாற்றுக் கணினி இருந்தது, அதிலும் அதே மென்பொருள், அதுவும் அதே மாதிரி விழுந்தது. கூறு எழுதப்பட்டபடியே வேலை செய்தது. இவ்வளவுக்கு மேல் எண் வராது என்ற ஊகம்தான் அந்தக் கூறின் வாசலில் எங்கும் எழுதியிருக்கவில்லை. 2016 க்கு முன் எழுதிய அடையாள அட்டைச் சரிபார்ப்பை யாராவது இன்றைக்கு எடுத்து ஒட்டினால் இதே கதைதான், வெடிக்காது என்பது மட்டும் வித்தியாசம்.

வெளிப் பொதிகளை, அதாவது மற்றவர்கள் எழுதி வெளியிட்ட ஆயத்த நிரல்களை, பற்றியும் முடிவெடுக்கவேண்டும். 2016 மார்ச்சில் ஒருவர் ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் இருந்து தன்னுடைய இருநூறுக்கு மேற்பட்ட பொதிகளை எடுத்துவிட்டார், அதில் ஒன்று எழுத்துக்கு இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் 11 வரி நிரல், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மென்பொருட்கள் கட்டப்படாமல் நின்றன. 2021 டிசெம்பரில் ஜாவாவில் நிகழ்வுகளைப் பதிகிற லொக்4ஜே பொதியில் பத்துக்குப் பத்து ஆபத்துள்ள ஓட்டை தெரியவந்தபோது, அது தங்கள் மென்பொருளுக்குள் இருக்கிறதா என்றே பலருக்குத் தெரியவில்லை. 2024 இல் கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்இசட் பொதிக்குள் ஒளித்த பின்கதவை, நுழைவு அரை நொடி பிந்துகிறதே என்று சந்தேகப்பட்ட ஒரு பொறியியலாளர் தற்செயலாகக் கண்டுபிடித்தார். இதனால் எல்லாவற்றையும் நாங்களே எழுதுவோம் என்று போகக்கூடாது. கடவுச்சொல் மறைப்பு, தரவுத்தளம் இரண்டையும் கையால் எழுதுவது பெரிய ஆபத்து. பத்து வரியில் எழுதக்கூடியதற்குப் பொதி வேண்டாம், எடுத்த பொதியின் பதிப்பைப் பூட்டுக் கோப்பில் உறுதிப்படுத்துவோம், பிரதி ஒன்று அலுவலகத் தட்டில் இருக்கட்டும், இணையம் இல்லாத நாளிலும் மென்பொருளைத் திரும்பக் கட்ட முடியவேண்டும்.

ஒரு பொதியைத் தெரிவதற்கு எங்களிடம் நல்ல சோதனை ஒன்று உண்டு: தமிழில் பற்றுச்சீட்டு அச்சடித்துப் பாருங்கள். நெல் என்று எழுதினால், கோப்பில் ந முதலிலும் கொம்பு பின்னாலும் இருக்கும், அச்சில் கொம்பு இடப்பக்கம் வரவேண்டும். கொள்வனவு என்றால் ஒரு குறி இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் நிற்கவேண்டும். பிடிஎஃப் செய்யும் பிரபலமான சில பொதிகள் இதைச் செய்வதில்லை, டொம்பிடிஎஃப் அப்படி ஒன்று, கொம்பு இடம் மாறி நிற்கும். எம்பிடிஎஃப் செய்யும், குரோமியம் உலாவி வழியாக அச்சடித்தாலும் சரியாக வரும், ஏனென்றால் குரோமியத்துக்குள் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்தமைப்புக் கூறு இருக்கிறது. அன்ட்ரொய்ட், ஃபயர்பொக்ஸ், லிப்ரே ஒஃபிஸ் எல்லாவற்றிலும் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து அமைப்பது அந்த ஒரே கூறுதான். மக்கில்ராயின் கனவு எங்காவது நிறைவேறியிருக்கிறதென்றால் இப்படியான இடங்களில்தான், இதை எழுதிப் பராமரிக்கிறவர்களுக்கு நாங்கள் மனதார நன்றி சொல்லவேண்டும். சின்ன வெப்ப அச்சு இயந்திரங்களில் தமிழ் எழுத்தே இருக்காது என்பதால் சீட்டைப் படமாக அனுப்பவேண்டி வரும், அதையும் நேரத்தோடு பார்த்துவைக்கவேண்டும்.

எனவே குழுவுக்கு நான் சொல்வது: கொள்வனவு, கடன், அங்கத்தவர், களஞ்சியம் ஒரே செயலியாக, உள்ளே வரம்போடு, நாங்களே எழுதுவோம். பொதுக் கணக்கை எழுதவேண்டாம். நாளாந்தக் கொடுப்பனவுகளைச் சுருக்கி ஒரு கோப்பாகக் கொடுப்போம், சங்கம் இப்போது வைத்திருக்கிற கணக்கு முறையிலோ, பின்னர் ஈஆர்பிநெக்ஸ்டிலோ அதை ஏற்றலாம். சங்கம் வளர்ந்து அரிசி ஆலையும் பால் சேகரிப்பும் சேர்ந்து, வேறு வேறு குழுக்கள் வேலை செய்கிற நிலை வந்தால் அப்போது ஒரு கூறைப் பிடுங்கித் தனிச் சேவையாக்கலாம், வரம்பு ஒழுங்காக இருந்தால் அது பெரிய வேலை இல்லை. இந்த மூன்று பேரில் இரண்டு பேர் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிற சாத்தியம் இருக்கிறது என்றால் என் தீர்ப்பு மாறும், அப்போது ஆயத்தமானதை எடுத்து, வயல் கொள்வனவுக்கு மட்டும் சின்னப் போன் செயலி ஒன்று எழுதுவதே சங்கத்துக்குப் பாதுகாப்பு. அதை அவர்களிடம் நேரே கேட்டுவிட்டுத்தான் தொடங்கவேண்டும்.

நிரலும் தரவுத்தளத்தின் விளக்கமும் சங்கத்தின் சொத்து என்று உடன்படிக்கையில் இருக்கவேண்டும், கடவுச்சொற்கள் தலைவரிடமும் முகாமையாளரிடமும் மூடிய உறையில் இருக்கவேண்டும். வருகிற கிழமைக்குள் தராசுக் காட்டியின் கையேட்டை விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள், அக்கராயன் நிலையத்தில் எந்த எந்த நேரம் சிக்னல் விழுகிறது என்று ஒருவர் நின்று பாருங்கள், அங்கத்தவர் பதிவேட்டில் பழைய இலக்கமும் புதிய இலக்கமும் கலந்து கிடக்கிறதா என்று ஒரு பக்கம் புரட்டிப் பாருங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால் முதல் கூறை எழுதத் தொடங்கலாம்.